இலவசக் குடை
(மதுரையில் சிறு வியாபாரிகள், ஓட்டல்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், டெலிவரித் தொழிலாளர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரிய கம்பெனிகளின் ஏகபோகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு கேள்வி வருகிறது. "அவர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டி போடட்டுமே! நமக்கு என்ன நஷ்டம்? டேட்டா மலிவு, டெலிவரி இலவசம், பணம் அனுப்பக் கட்டணம் இல்லை. இதில் யார் குடி முழுகிப் போயிற்று?"

நியாயமான கேள்விதான். மலிவாகக் கிடைப்பதை வேண்டாமென்று சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் மலிவு என்பது கதையின் முதல் பாதி. இரண்டாவது பாதியையும் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். அதற்காக அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். முதலில் தூத்துக்குடி வரை போனால் போதும்.

கப்பலில் ஏறினால் குடை!

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அக்காலத்தில் கொடிகட்டிப் பறந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. தூத்துக்குடியில் அதன் ஏஜெண்டுகள் ஏ. அண்டு எஃப். ஹார்வி கம்பெனியார். நம்மூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மில் வைத்தார்களே, அதே ஹார்விதான். அவர்களை எதிர்த்து 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கம்பெனியின் தலைவர் யார்? 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். ஆக, இந்தக் கதையில் இரண்டு பக்கத்திலும் மதுரைக்குப் பங்கு இருக்கிறது!

1907-இல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. ஒரு ரூபாய்க்கு ஏற்றிக்கொள்கிறோம் என்றது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே வெள்ளைக்காரக் கம்பெனி, "காசே வேண்டாம், சும்மா வாருங்கள், வருகிறவர்களுக்கு ஒரு குடையும் தருகிறோம்" என்று சொல்லிவிட்டது. வ.உ.சி.யின் வரலாற்றை எழுதியவர்கள் பலரும் இந்தக் குடையைக் குறிப்பிடாமல் விடுவதில்லை.

அன்றைக்குக் கொழும்புக்குப் போன கூலித் தொழிலாளிக்கு நஷ்டமா? இல்லை. குடையோடு போய் இறங்கினான். நஷ்டம் அப்புறம்தான். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது செய்யப்பட்டார், ராஜத் துரோக வழக்கு, கொடிய தண்டனை. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. குடை மட்டுமே அதைக் கவிழ்க்கவில்லை, சர்க்காரின் சிறைச்சாலையும் சேர்ந்தே கவிழ்த்தது. போட்டிக் கப்பல் ஒழிந்த பிறகு இலவசப் பயணம் ஏது, குடை ஏது?

பணபலம் உள்ளவன் நஷ்டத்துக்கு விற்பான். பணபலம் இல்லாதவன் அந்த நஷ்டத்தைத் தாங்க முடியாமல் கடையை மூடுவான். மூடிய மறுநாள் விலைப் பலகையை மாற்றி எழுதுவான் முதலாமவன். நூறு வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். இந்தக் கூட்டத்தில் இருக்கும் பாதிப் பேர் இதே நாடகத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்.

ஏர்செல் போன கதை

ஏர்செல் ஞாபகம் இருக்கிறதா? 1999-இல் நம் தமிழ்நாட்டில் ஆரம்பித்த கம்பெனி. கிராமம் கிராமமாக டவர் போட்டார்கள். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் முதல் செல்போன் வாங்கியவர்களில் எத்தனையோ பேர் கையில் இருந்தது அந்த சிம்கார்டுதான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பேச்சு இலவசம், டேட்டா இலவசம். 2017 மார்ச் 31 வரை இந்த இலவசம் நீண்டது. ஏழு மாதம் ஒரு பொருளைச் சும்மா கொடுக்க யாரால் முடியும்? எண்ணெய் சுத்திகரிப்பில் சம்பாதித்த மூட்டை பின்னால் இருந்தால் முடியும். ஏர்டெல் கம்பெனி போட்டிக் கமிஷனிடம் புகார் கொண்டுபோயிற்று. ஏர்டெல் ஒன்றும் ஏழைக் கம்பெனி அல்ல. அதற்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் கமிஷன் 2017 ஜூனில் சொன்ன பதிலைக் கவனியுங்கள். ஜியோ சந்தைக்குப் புதிதாக வந்த கம்பெனி. அதற்கு ஆதிக்க நிலை இல்லை. ஆதிக்க நிலை இல்லாதவன் விலையைக் குறைத்து ஆளை விரட்டினான் என்ற பேச்சுக்கே இடமில்லை. புகார் தள்ளுபடி!

சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால் கமிஷன் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். கோளாறு அந்த எழுத்திலேயே இருக்கிறது. ஆதிக்கம் வந்த பிறகு வா, அப்போது விசாரிக்கிறேன் என்கிறது சட்டம். ஆதிக்கம் வந்த பிறகு புகார் கொடுக்க எவன் மிஞ்சியிருப்பான்?

2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் சிக்னல் திடீரென்று செத்தது. டவர் கம்பெனிகளுக்குப் பாக்கி. பாங்கிக் கடன் மலைபோல. அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனுப் போட்டது. நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற ஜனங்கள் கடை கடையாக அலைந்தார்கள். பாங்கிக் கணக்கும் காஸ் புக்கிங்கும் அந்த நம்பரில்தானே இருந்தன! ஏர்செல்லின் கடனுக்கு அதன் முதலாளிகளும், அலைக்கற்றை ஏலத்தில் கட்டிய தொகையும் காரணம். ஜியோ ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சில் ஏறி மிதித்தது அந்த இலவசம்தான். வோடபோனும் ஐடியாவும் 2018-இல் ஒன்றாகச் சேர்ந்தன. டாடாவின் செல்போன் வியாபாரமும் டெலினாரும் ஏர்டெல்லுக்குள் போய்விட்டன. தனியாரில் மிஞ்சியது மூன்று.

நம் பொதுத்துறை பி.எஸ்.என்.எல். என்ன ஆயிற்று? ஜியோ 4ஜியோடு 2016-இல் கடைவிரித்தது. பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி அலைக்கற்றை கொடுப்பதென்று மத்திய மந்திரிசபை முடிவு செய்ததே 2019 அக்டோபரில்தான். நாடு தழுவிய 4ஜி சேவையை அது தொடங்கியது 2025 செப்டம்பரில். ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் காலைக் கட்டிவிட்டு, "பார், இவனுக்கு ஓடத் தெரியவில்லை" என்று சொல்வதற்குப் பெயர் போட்டியா?

இனி இரண்டாவது பாதிக்கு வருகிறேன். 2024 ஜூன் 27-ஆம் தேதி ஜியோ விலை உயர்வை அறிவித்தது: 12 முதல் 25 சதவீதம் வரை. மறுநாளே ஏர்டெல்: 11 முதல் 21 சதவீதம். அதே வாரத்தில் வோடபோன் ஐடியாவும்: 11 முதல் 24 வரை. மூன்று பேர் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. பேசி வைக்கவே தேவையில்லை! சந்தையில் மூன்றே கடை இருந்தால், ஒருவன் விலை ஏற்றும்போது மற்றவன் புரிந்துகொள்கிறான். அந்த ஜூலையில் லட்சக்கணக்கான ஜனங்கள் பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறினார்கள். கால் கட்டிய நிலையிலும் அந்த ஒரு பொதுத்துறைக் கம்பெனி இருந்ததால்தான் மாற ஓர் இடம் இருந்தது.

யானைகளின் சண்டை, யானைகளின் சம்பந்தம்

கூகுளும் பேஸ்புக்கும் விளம்பரச் சந்தையில் போட்டியாளர்கள். 2020 ஏப்ரலில் பேஸ்புக் 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோ பிளாட்பார்ம்ஸ் கம்பெனியில் ஏறத்தாழ 10 சதவீதம் பங்கு வாங்கியது. அதே ஜூலையில் கூகுள் 33,737 கோடி கொடுத்து 7.73 சதவீதம் வாங்கியது. கொரோனாவில் நம் கடைகள் பூட்டிக் கிடந்த மாதங்கள் அவை! வெளியே மல்யுத்தம், உள்ளே சம்பந்தம்.

அமெரிக்காவிலும் இதே லட்சணம்தான். ஐபோனில் தேடினால் கூகுளே முதலில் வரவேண்டும் என்பதற்காக 2022 என்ற ஒரே வருஷத்தில் கூகுள் ஆப்பிள் கம்பெனிக்குக் கொடுத்த தொகை 2,000 கோடி டாலர். வாஷிங்டன் கோர்ட்டில் வெளிவந்த கணக்கு இது. போன் சந்தையில் இவர்கள் ஜென்ம விரோதிகளாம்! 2024 ஆகஸ்டில் அந்த நாட்டு நீதிபதி அமித் மேத்தா, கூகுள் ஓர் ஏகபோகம், அதைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பு எழுதினார். போட்டியிலிருந்துதான் ஏகபோகம் பிறக்கிறது என்று லெனின் 1916-இல் எழுதியதைப் பிரச்சாரம் என்று சொன்னவர்கள் உண்டு. அமெரிக்க நீதிபதியின் தீர்ப்பை என்னவென்று சொல்வார்களோ! ஆனால் 2025 செப்டம்பரில் பரிகாரம் என்ன என்று கேட்டபோது, குரோம் பிரவுசரை விற்கவேண்டிய அவசியமில்லை என்று சொல்லிவிட்டார் அதே நீதிபதி.

வாசலில் உட்கார்ந்திருப்பவன்

இதுவரை விலையைப் பற்றிச் சொன்னேன். விலையைவிடப் பெரிய விஷயம் வாசல்.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையின் பெயரைச் சொல்லி, வெளியூர்க்காரர் ஒருவர் வழி கேட்கிறார் என்று வையுங்கள். தெருமுனையில் நிற்பவன், "அந்தக் கடையா? அதற்கு முன்னால் இதைப் பாருங்கள்" என்று காசு கொடுத்த வேறு கடைக்குக் கூட்டிப் போகிறான். உங்கள் பெயர் முதலில் சொல்லப்பட வேண்டுமானால் நீங்களும் அவனுக்குக் காசு கொடுக்க வேண்டும். உங்கள் சொந்தப் பெயருக்கு நீங்களே வாடகை! அந்தத் தெருமுனை ஆளின் வேலைதான் இன்று கூகுளின் தேடல் விளம்பரம்.

சென்னையின் பாரத் மேட்ரிமோனி கம்பெனிக்காரர்கள் இதைத்தான் 2012-இல் போட்டிக் கமிஷனிடம் புகாராகக் கொண்டுபோனார்கள். எங்கள் பெயரைத் தட்டினால் எதிராளியின் விளம்பரம் வருகிறது, கூகுள் தன் சொந்தச் சரக்கை முன்னால் வைக்கிறது என்றார்கள். ஆறு வருஷம் கழித்து, 2018 பிப்ரவரியில் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்துத் தீர்ப்பு வந்தது. எதற்கு அபராதம்? விமானப் பயணத் தேடலில் தன் சொந்தப் பெட்டியை முன்னால் வைத்தது போன்ற சில குற்றங்களுக்கு. பெயருக்கு விளம்பரம் விற்ற விஷயத்தில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணப் பந்தியில் கூப்பிட்டு உட்காரவைத்து, அடுத்த இலைக்குப் பரிமாறியது மாதிரி!

அப்புறம் ஆப் கடை. நம் நாட்டில் 100 ஸ்மார்ட்போன் இருந்தால் 90-க்கு மேல் ஆண்ட்ராய்டு. அதில் எந்த ஆப் வரவேண்டுமானாலும் அநேகமாக பிளே ஸ்டோர் என்ற ஒரே வாசல். அந்த வாசலில் டிஜிட்டல் சரக்குக்குக் கமிஷன் 15 முதல் 30 சதவீதம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் எந்தத் தரகனாவது நூற்றுக்கு முப்பது கேட்டால் சும்மா விடுவீர்களா? 2022 அக்டோபரில் போட்டிக் கமிஷன் கூகுளுக்கு இரண்டு அபராதம் போட்டது: ஆண்ட்ராய்டு விஷயத்தில் 1,337.76 கோடி, பிளே ஸ்டோர் கட்டண விஷயத்தில் 936.44 கோடி. பத்திரிகைகளில் கொட்டை எழுத்துத் தலைப்பு. நடந்தது என்ன? வேறு வழியில் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று கூகுள் அனுமதித்தது. ஆனால் கமிஷனில் நாலு சதவீதம் மட்டும் குறைத்துக்கொண்டது. 30-க்குப் பதில் 26!

அதை எதிர்த்து மேட்ரிமோனி உள்ளிட்ட கம்பெனிகள் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயின. இது போட்டிக் கமிஷனின் விஷயம், இங்கே வழக்கு நிற்காது என்று 2023 ஆகஸ்டில் தள்ளுபடி. 2024 ஜனவரியில் அப்பீலும் தள்ளுபடி. 2024 மார்ச் 1-ஆம் தேதி கூகுள் இந்தியக் கம்பெனிகள் பத்தின் ஆப்களை, பாரத் மேட்ரிமோனி உட்பட, கடையிலிருந்து தூக்கி எறிந்தது. மத்திய மந்திரி அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்டுப் பேசிய பிறகு, சில நாட்களில் திரும்ப வைத்தார்கள். மந்திரியைக் கூப்பிடும் சக்தி அவர்களுக்கு இருந்தது. செல்லூரில் நாலு பேரை வைத்து ஆப் செய்து விற்கும் இளைஞனை இப்படித் தூக்கி எறிந்தால் அவன் யாரைக் கூப்பிடுவான்? அந்த 936 கோடி அபராதமும் 2025 மார்ச்சில் அப்பீல் டிரிபியூனலில் 216.69 கோடியாகச் சுருங்கியது.

ஓட்டல்காரர்களின் கதையும் வாசல் கதைதான். ஓட்டல் முதலாளிகளின் அகில இந்தியச் சங்கம் கொடுத்த புகாரின் மேல் ஸ்விகி, ஜொமேட்டோ இரண்டையும் விசாரிக்க 2022 ஏப்ரலில் உத்தரவாயிற்று. யாருடைய கடை திரையில் மேலே, யாருடையது கீழே? சாப்பிட்டவர் யார் என்ற விவரம் யார் கையில்? இவைதான் கேள்விகள். இருபது வருஷம் உங்கள் கடையில் சாப்பிட்டவர் இன்று உங்கள் வாடிக்கையாளர் அல்ல, ஆப்பின் வாடிக்கையாளர். அவர் பெயரும் நம்பரும் உங்களிடம் இல்லை. மழையில் மூட்டையைச் சுமந்து வரும் டெலிவரித் தொழிலாளிக்கோ கூலியைத் தீர்மானிக்கும் கணக்கு என்னவென்றே தெரியாது.

சட்டம் இருந்ததா, இல்லையா?

இருந்தது. 1964-இல் சர்க்கார் நியமித்த ஏகபோக விசாரணைக் கமிஷன், கே.சி.தாஸ் குப்தா தலைமையில், 75 தொழில் குழுமங்களின் கையில் பாங்கி அல்லாத தனியார் கம்பெனிகளின் சொத்தில் 46.9 சதவீதம் இருக்கிறது என்று கணக்கெடுத்துச் சொன்னது. 1969-இல் ஏகபோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 20 கோடிக்கு மேல் சொத்துள்ள குழுமம் விரிவடைய அனுமதி வாங்கவேண்டும். அந்தச் சட்டமும் ஓட்டைகள் நிறைந்தது. அதன் காலத்திலேயே பெரும் குழுமங்கள் கொழுத்தன. ஆனாலும் அது ஒரு கேள்வி கேட்டது: இவ்வளவு பொருளாதார பலம் ஒருவர் கையில் சேரலாமா? 1985-இல் வரம்பு 100 கோடி ஆயிற்று. 1991-இல் முன்அனுமதியே எடுக்கப்பட்டது. 2009-இல் சட்டமே ரத்து. அந்த இடத்துக்கு வந்த 2002-ஆம் வருஷத்துப் போட்டிச் சட்டம் வேறு கேள்வி கேட்கிறது: பெரியவனாக இருப்பது குற்றமில்லை, பெரியவன் தப்பு செய்தானா என்பதை நிரூபி. நிரூபிக்க ஆறு வருஷம். அப்பீலுக்கு இன்னும் மூன்று வருஷம். அதற்குள் சின்னக் கம்பெனிக்குக் கருமாதி முடிந்துவிடும்.

ஐரோப்பாவில் வேறு வழி பிடித்தார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் கம்பெனிகளைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டு, இதைச் செய்யாதே, இதைச் செய் என்று முன்கூட்டியே கட்டளை போட்டார்கள். 2024 மார்ச்சிலிருந்து அந்தக் கட்டளைகள் அந்தக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகின்றன. நம் பார்லிமெண்டின் நிதிக் கமிட்டியும் 2022 டிசம்பரிலேயே இதே வழியைச் சொன்னது. 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவும் வெளிவந்தது. அத்தோடு நின்றது வண்டி. 2025-இலும் அது சட்டமாகவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிகள் எதிர்த்தன; உள்நாட்டுப் பெரிய கம்பெனிகள் சிலவும் கூடவே எதிர்த்தன. தேசபக்தி இந்த இடத்தில் மட்டும் ஏனோ வேலை செய்யவில்லை.

கண் முன்னால் ஒரு சாலை

ஒன்றும் செய்ய முடியாது, தொழில்நுட்பம் அப்படி என்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். யுபிஐ எந்தக் கம்பெனியின் கண்டுபிடிப்பும் அல்ல. ரிசர்வ் பாங்கியும் பாங்கிகளும் சேர்ந்து 2008-இல் உண்டாக்கிய, லாப நோக்கமில்லாத என்.பி.சி.ஐ. 2016-இல் போட்ட சாலை அது. எந்த ஆப்பிலிருந்தும் எந்தப் பாங்கிக்கும் பணம் போகும். கீழமாசி வீதிப் பருப்பு மண்டியும் டவுன்ஹால் ரோட்டுப் பெட்டிக்கடையும் ஒரே சாலையில் போகின்றன. பொதுச் சாலை போட்டால் சின்னவனும் நடக்கலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் அந்தச் சாலையில் ஓடும் வண்டிகள் யாருடையவை? அமெரிக்க வால்மார்ட்டின் கையில் உள்ள போன்பே, அமெரிக்க கூகுளின் கூகுள் பே. இந்த இரண்டு மட்டும் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது. ஒருவரும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020 நவம்பரில் என்.பி.சி.ஐ. விதி போட்டது. முதலில் 2022 முடிவுக்குள் என்றார்கள். பிறகு 2024 என்றார்கள். பிறகு 2026 டிசம்பர் 31 என்றார்கள். வாய்தா வாங்கியே காலம் தள்ளும் வழக்கு மாதிரி! இன்று கட்டணம் இல்லை, உண்மைதான். அந்தக் குடையை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொதுச் சாலை போட்டால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2022 ஆகஸ்டில் கேரள சர்க்கார் 'கேரள சவாரி' என்று ஆட்டோ, டாக்சிக்கு ஆப் கொண்டுவந்தது. 8 சதவீதம் மட்டுமே சேவைக் கட்டணம். நல்ல எண்ணம். வண்டியும் போதவில்லை, பயணியும் போதவில்லை, தட்டுத் தடுமாறிற்று. தனியார் கம்பெனி கோடிக்கணக்கில் தள்ளுபடி கொட்டும்போது, கூடவே சட்டத்தின் கடிவாளமும் இல்லாவிட்டால் பொது ஆப் திணறத்தான் செய்யும். இரண்டும் சேர்ந்தே வரவேண்டும்.

ஆகவே நமது கோரிக்கை அபராதத் தொகையை உயர்த்துவதோடு நிற்கக்கூடாது. அபராதத்தை அவர்கள் வாசல் வாடகையில் வசூல் செய்துகொள்வார்கள். டிஜிட்டல் போட்டி மசோதாவைப் பார்லிமெண்டில் வையுங்கள். சொந்தச் சரக்கை முன்னால் தள்ளுவதைத் தடை செய்யுங்கள். ஓட்டல்காரரின் வாடிக்கையாளர் விவரம் ஓட்டல்காரருக்கும் கிடைக்கவேண்டும். கமிஷன் விகிதமும், டெலிவரித் தொழிலாளியின் கூலிக் கணக்கும் எழுத்தில் பகிரங்கமாக இருக்கவேண்டும். நஷ்டத்துக்கு விற்று ஆளை விரட்டுகிறவனை, அவன் ஆதிக்கம் பெறும் முன்பே கேள்வி கேட்கச் சட்டத்தில் இடம் வேண்டும். யுபிஐ 30 சதவீத விதிக்கு இன்னொரு வாய்தா கூடாது. போட்டிக் கமிஷனின் விசாரணை, சங்கங்கள் கொடுக்கும் புகாரின் மேல் இங்கேயே நடக்க வழி செய்யுங்கள்.

கடைசியாக, கடைக்காரர் ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: "சத்தம் போட்டுப் பணம் வந்ததைச் சொல்லும் பெட்டிக்கு மாத வாடகை பிடிக்கிறார்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்த ஆப் வைத்திருப்பவர் எனக்குப் பணம் போட முடியாதா?" முடியும், அண்ணே. யுபிஐ க்யூஆர் அட்டை எதுவாக இருந்தாலும் எந்த ஆப்பிலிருந்தும் பணம் வரும். உங்கள் கணக்கு உள்ள பாங்கியிலேயே அட்டை கேட்டு வாங்கலாம். பெட்டி வேண்டுமா என்பது உங்கள் சௌகரியம். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் வியாபாரமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.